மேரு ஆலையின் ஒன்பதாவது பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிள்ளானுக்குப் பக்கத்திலுள்ள மேருவில் கால்வாய் நீரால் ஓடிய நெசவாலை என்று எதுவும் இருந்ததில்லை. இருந்ததாக எழுதியது நான்தான். நடந்ததை "நான்" போட்டுச் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் இரண்டாம் பக்கம் வருவதற்குள் என்னை நானே நல்லவளாக ஆக்கிக்கொண்டிருந்தேன். அதனால் பழியை உர்சுலா என்ற பெண்ணின் தலையில் கட்டுகிறேன். வயது நாற்பத்தாறு. பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் போகும் சத்தம் சமையலறை வரை கேட்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கம்பெனிகளுக்கு விளம்பரம் எழுதிக்கொடுப்பது தொழில். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன்.

கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"அன்று மேருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது." (பொய். ஆறு வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. அது முக்கியம்.)

"ஆலைச் சங்கு ஊதியதும் பெண்கள்..." (எந்த ஆலை? எந்தச் சங்கு?)

"கிரிகரி வந்து உட்கார்ந்தபோது உர்சுலாவுக்கு—" (பொறுங்கள். அவரை வரவழைத்த தப்பை முதலில் சொல்லியாக வேண்டும்.)

2

மேருவில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு புது வீடமைப்புத் திட்டம். பெயர் வேண்டாம். நிலத்தைச் சுத்தம் செய்தபோது புதருக்குள்ளிருந்து இருநூறு அடி நீளத்துக்குச் செங்கல் கட்டிய பழைய வடிகால் ஒன்று வெளிப்பட்டது. விற்பனைக்கூடத்துக்குப் பொறுப்பாளனான மார்வின் உர்சுலாவைக் கூப்பிட்டு அதன் கரையில் நிறுத்தினான்.

"அக்கா, இத வெறும் லொங்காங்னு, சாக்கடைன்னு சொன்னா எவன் வீடு வாங்குவான்? ஏதாச்சும் ஹிஸ்டரி குடுங்கலா."

"என்ன ஹிஸ்டரி?"

"அழகான ஹிஸ்டரி. கொஞ்சம் சோகம் இருக்கலாம். ரொம்ப வேணாம்."

உர்சுலா எப்போதோ ஒரு வெளிநாட்டு நெசவூரைப் பற்றிப் படித்திருந்தாள். ஆற்றை மறித்து மேல் கால்வாய், கீழ்க் கால்வாய் என்று இரண்டு வெட்டி, நடுவில் வரிசையாக ஆலைகளைக் கட்டியிருந்தார்கள். மேலேயிருந்து கீழே விழும் தண்ணீர் பெரிய சக்கரங்களைச் சுழற்றும். அங்கிருந்து தோல்பட்டைகள் மாடி மாடியாக ஏறி நூற்றுக்கணக்கான தறிகளை ஓட்டும். கால்வாயில் நீர் வற்றினால் ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும். நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஊரை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து மேருவில் இறக்கிவிட்டாள்.*

* தண்ணீர் விழுந்தால்தான் சக்கரம் சுற்றும். மேருவோ தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி சமதளம். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருந்தால்கூட மாட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

விற்பனைக்கூடத்தில் மாட்டும் பன்னிரண்டு அறிவிப்புப் பலகைகளுக்கு வரலாறு எழுதினாள். 1911இல் கால்வாய் வெட்டியது, தறிகள் கப்பலில் வந்தது, விடிகாலைச் சங்கு. கடைசிப் பலகையில் மார்வின் கேட்ட சோகம்: 1963 அக்டோபரில் ஒரு காலை, வேலைக்கு வந்த பெண்கள் மதகின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையைக் கடக்கையில் மதகு உடைந்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஆலை அத்தோடு மூடப்பட்டது. ஏன் 1963 என்று கேட்காதீர்கள். எழுதும்போது அது வாயில் நன்றாக உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

[அடித்த வரி: நனைந்த பஞ்சுத் தூசியால் பலகை வழுக்கும் என்று, பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடிதான் மதகைக் கடப்பார்கள்.]

இந்த வரி ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று உர்சுலா உடனே அழித்துவிட்டாள். மார்வினுக்குக்கூட அனுப்பவில்லை. அவள் கணினியைத் தவிர வேறெங்கும் அது இருந்ததில்லை. இதை நீங்கள் மறக்காமலிருந்தால் நல்லது.

3

செத்தவர்களுக்குப் பெயர் வேண்டுமே.

உர்சுலா பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்து இருபது வருடமாகியும் ஞாயிறு பூசைக்குக் கிள்ளானுக்குத்தான் போவாள். பிறந்து ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அங்கே ஒரு வழக்கம். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பூசையில் அத்தனை பெயரையும் குரு வாசிப்பார். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வது உர்சுலாவின் வேலை. புதிதாக வருகிறவர்கள் கடைசியில் சேர்வார்கள். பழைய வரிசை மாறாது. பட்டியலின் நடுப்பக்கங்களில் யாரென்றே தெரியாத பழைய பெயர்கள் இருக்கும். பேரன் பேத்திகள் பழக்கதோஷத்தில் எழுதிக்கொடுப்பவை.

மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒன்பது பெண்கள். அருளாயி, செசிலி, ஞானப்பூ, லூர்து என்று போகும். உர்சுலா எட்டை எடுத்துக்கொண்டாள். ஒன்பதாவதை விட்டுவிட்டு, "ஒருவர் பெயர் தெரியவில்லை" என்று போட்டாள். வெற்றிடம் இருந்தால் படிக்கிறவர் அங்கே நிற்பார். எங்கள் தொழிலில் பழைய வித்தை இது. மார்வினுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். செத்தவர்களைக் கேட்காமல் வேலைக்கு அனுப்புகிறோமே என்று ஒரு கணம் உர்சுலாவுக்கு உறுத்தியது. அதையும் அடித்துவிட்டாள்.

4

பலகைகளின் படங்களை மார்வின் ஃபேஸ்புக்கில் போட்டான். நாலைந்து பேர் லைக் போடுவார்கள் என்று நினைத்திருந்தார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் காப்பாரிலிருந்து ஒருவர் எழுதினார்: செவ்வாய்க்கிழமை ஆனால் கால்வாய்த் தண்ணீர் சிவப்பாக ஓடும், சாயம் கழுவுவார்கள், அப்பா சொல்லியிருக்கிறார். உர்சுலா சாயப்பட்டறை பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. அடுத்து ஒரு பெண், மூன்றாவது மாடித் தறிச்சத்தத்தில் தன் அத்தைக்குக் காது போனதாக எழுதினாள். ஆலைக்கு எத்தனை மாடி என்று உர்சுலா சொல்லவே இல்லை. எட்டுப் பெயர்களில் ஒன்றான ஞானப்பூவின் பேரன் ஒரு புகைப்படம் அனுப்பினான். அந்த ஞானப்பூ சர்க்கரை வியாதியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனவர் என்று உர்சுலாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அடக்கத்துக்கே போயிருந்தாள். பேரனோ, "எங்க ஆயாவ தண்ணி கொண்டு போயிருச்சு" என்று எழுதியிருந்தான். கீழே நாற்பது பேர் அழுதிருந்தார்கள்.

மறுக்க ஒருவராவது வருவார் என்று உர்சுலா காத்திருந்தாள். வரவில்லை. பயமாக இருந்தது அவளுக்கு. இதைவிட நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆறாவது வாரம் மார்வின் போன் செய்தான். "அக்கா, நீங்க வந்து பாருங்க."

வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாடே காய்ந்து கிடந்தது. வீடுகளுக்குத் தண்ணீர் லோரி வந்துகொண்டிருந்தது. இங்கே முழங்காலளவு நீர், சத்தமில்லாமல், ஒரே வேகத்தில் போனது. குழாய் உடைந்திருக்கும் என்று கட்டடக் குத்தகைக்காரர் இரண்டு நாள் தோண்டிப் பார்த்தார். ஒரு குழாயும் உடையவில்லை.

"எங்கேருந்து வருது?" என்றாள் உர்சுலா.

"தெரியல. ஆனா வீடியோல சூப்பரா வருது," என்றான் மார்வின். சிரிக்க முயன்றான். கரைக்கு அருகில் மட்டும் அவன் போகவில்லை.

5

இப்போது கிரிகரி வரலாம்.

வயது அறுபத்தாறு. ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் இருமல் மாத்திரை. விற்பனைக்கூடத்தின் பின்னறையில் உர்சுலாவுக்கு எதிரே உட்கார்ந்து, பலகைப் பெயர்களை எழுதி மடித்த தாளொன்றைப் பிரித்து வைத்தார்.

"மிஸ், நீங்கதானே அந்த மில்லு வரலாறு எழுதுனது?"

"ஆமா அங்கிள்."

"எங்கம்மா பேரு மதலேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நாந்தான் எழுதிக் குடுக்குறேன். எங்கம்மாவுக்கு முன்னால யாரு பேரு வரும், பின்னால யாரு வரும், எல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். உங்க பலகையில அதே எட்டுப் பேரு, மிஸ். அதே வரிச. எங்கம்மா ஒருத்தி மட்டும் இல்ல."

உர்சுலாவின் முகத்தில் ஈயாடவில்லை. இப்படி ஒரு வம்பு வரும் என்று யார் நினைத்தது? ஊரே தூங்கிவழிந்துகொண்டு கேட்கும் பட்டியலை, ஒரு மனிதர் ஒற்றைப் பெயருக்காக முப்பது வருடமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"அறுபத்தி மூணுல போனா. எனக்கு நாலு வயசு. எவன்கூடயோ ஓடிட்டான்னு அப்பா சொன்னாரு. எங்க கம்பத்துல ஊரே அதத்தான் சொன்னாங்க. ஸ்கூல்ல பசங்க சொன்னாங்க. என் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னாங்க. ஓடுறவ புள்ளைய விட்டுட்டுப் போவாளா மிஸ்? செத்துத்தான் போயிருப்பான்னு நான் ஒருத்தந்தான் சொன்னேன். அப்பா இருந்தவரைக்கும் பேர எழுத உடல. அவரு செத்த வருஷமே எழுதிக் குடுத்துட்டேன்."

"அங்கிள், நான் ஒண்ணு சொல்லணும். அந்த மில்லு வந்து..."

"சொல்லுங்க."

"அது நான்—"

"காலங்காத்தால போனா," என்றார் கிரிகரி, அவள் பேசியது காதிலேயே விழாதவர்போல. "நான் பாய்ல முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிருந்தா. ஏன் செருப்பக் கையில புடிச்சிருந்தான்னு அறுபது வருஷமா யோசிக்கிறேன். இப்பத்தான் தெரிஞ்சது. அந்த மதகுப் பலக வழுக்கும்ல?"

மதகுப் பலகை ஃபேஸ்புக்கில் இருந்தது. செருப்பு வரி இல்லை.

உர்சுலா மில்லைப் பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். கிரிகரி கிளம்பும்போது அவள் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பேரு மட்டும் போட்டுருங்க மிஸ், அது போதும்," என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

6

(இந்த இடத்தில் எனக்குக் கிரிகரிமேல் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவரை மோசடிக்காரராக்கிப் பார்த்தேன்: உர்சுலாவின் கணினியை யாரோ திருடிப் படித்து அவரிடம் சொல்லிவிட்டார்கள். கதை சப்பென்று போய்விட்டது. அதோடு அந்தச் சட்டைப்பை இருமல் மாத்திரை எந்த மோசடிக்கும் பொருந்தவில்லை. இன்னொரு வரைவில் உர்சுலா எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், கிரிகரி அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீங்க எழுதுனதுங்கிறதுக்காக அது இல்லாமப் போயிருமா?" என்கிறார். அவர் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. நாலு நாள் எழுதாமல் இருந்தேன்.)

நினைவுப்பலகையைப் பித்தளையில் பொறிப்பது என்று மார்வின் முடிவு செய்திருந்தான். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெயர்களை அனுப்ப வேண்டும்.

"ஒன்பதாவது பேரு கெடச்சிருச்சுன்னா டைப் பண்ணி உடுங்கக்கா. அங்கிள நாலரைக்கு வரச்சொல்லியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவரு ஒரு தடவ பாக்கட்டும், பாவம்லா."

பெயரைச் சேர்த்தால் ஒரு மனிதரின் அறுபது வருடக் காயம் ஆறும். ஆனால் நடக்காத சாவு ஒன்று பித்தளையில் நிற்கும். சேர்க்காவிட்டால் அவர் அம்மா மறுபடியும் ஓடிப்போனவள் ஆகிவிடுவாள்.

7

இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. முதல் வரைவில் இதில் வரும் அம்மாவே இல்லை. ஒருநாள் காலை கோப்பைத் திறந்தால் எழுதியிருந்தது. என் கைதான் எழுதியிருக்க வேண்டும்.

புதன்கிழமை நாலேகால் மணிக்கு ஒரு வாடகைக் காரிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். மெலிந்த உடம்பு, நல்ல நிமிர்ந்த நடை, வயது எண்பத்துநான்கு. பின்னறை நாற்காலியில் உட்கார்ந்ததும், தண்ணீர் வேண்டுமா என்று உர்சுலா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஃபேஸ்புக்குல பலகையப் பாத்தேன். ஒம்பதாவது பேரு போட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா. நீங்க?"

"இப்ப ஐசி கார்டுல பேரு தாமரைன்னு இருக்கு. கிள்ளான்ல முதியோர் இல்லத்துல இருக்கேன். அதுக்கு முன்ன ஈப்போ. அதுக்கு முன்ன இங்கதான், மேருல." சற்று நிறுத்தினார். "அப்ப என் பேரு மதலேன்."

குளிரூட்டியின் இரைச்சலையும் மீறி வெளியே வடிகால் நீர் ஓடுவது கேட்டது. அதுவரை அது சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க... செத்துட்டீங்கன்னு..."

"தெரியும். வருஷா வருஷம் வாசிக்கிறாங்கல்ல. நான் கடைசி பெஞ்சுல உக்காருவேன். அவன் மூணாவது வரிசையில இருப்பான். மண்டையில முடியெல்லாம் கொட்டிருச்சு. என் பேரு வரும்போது முதுக நேரா வச்சுக்குவான். எல்லாரும் நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லும்போது நானும் சேந்து சொல்லுவேன். மொத வருஷம் நாக்கு வரல. அப்பறம் பழகிருச்சு. நல்லாத்தான் இருக்கும், ஒனக்காக ஊரே வேண்டுறது."

அந்தப் பெயரை வருடா வருடம் தட்டச்சு செய்தது உர்சுலாவின் விரல்கள்தான்.

"ஏம்மா போனீங்க?"

"ஒருத்தன்கூடப் போனேன். வீட்டுக்காரன் அடிச்சான்னு சொல்லலாம். அடிக்கல. பெரிசா ஒரு கொறையும் இல்ல. போவணும்னு இருந்துச்சு, போயிட்டேன். ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துரலாம்னு தோணுச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

"செருப்பு..."

"ஆமா, கையில எடுத்துக்கிட்டேன். நடக்குற சத்தம் கேட்டு அவன் முழிச்சிரக் கூடாதுன்னு. பயபுள்ள முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தான். என்னையே பாத்தான். அழல." அம்மா மேசையில் கிடந்த பேனாவைத் தள்ளி வைத்தார். "என் பேரப் போட்டுரும்மா. இந்தத் தண்ணியில போனவளாவே இருந்துட்டுப் போறேன். அவனுக்கு அது போதும். எனக்கும் போதும்."

"உங்களுக்கு அவரப் பாக்கணும்னு இல்லையா?"

அம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

"பாத்தா கேப்பான்ல," என்றார்.

8

மணி நாலரை. வெளியே ஒரு கார் வந்து நிற்கிறது. மார்வின் "வாங்க அங்கிள், உக்காருங்க, அக்கா உள்ள இருக்காங்க" என்று சொல்வது கேட்கிறது. நடுவில் ஒரே ஒரு பலகைக் கதவு. திரையில் எட்டுப் பெயர்கள். ஒன்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் முடிவு: உர்சுலா பெயரைச் சேர்க்கிறாள். அம்மா பின்வாசல் வழியாகப் போகிறார். பித்தளைப் பலகை திறக்கும் நாளில் கிரிகரி அந்தப் பெயரைத் தடவிப்பார்த்து, ஊரைத் திரும்பிப் பார்த்து—

இரண்டாம் முடிவு: உர்சுலா கதவைத் திறக்கிறாள். "அங்கிள், இங்க வாங்க. இவங்கதான் உங்க—"

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். உர்சுலா திரும்பிப் பார்க்கிறாள். நாற்காலியில் யாரும் இல்லை, தரை மட்டும் நனைந்திருக்கிறது. மலிவான பேய்க்கதை முடிவு என்று உடனே அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் உறைத்தது. செருப்பு வரியையும் இப்படித்தானே அடித்தேன்? அதனால் மறுபடி மறுபடி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இருக்கிறார். இன்னும் இருக்கிறார்.

நான் ஏன் முடிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். எழுதியதும் நடந்துவிடுகிறது, அடித்ததும் நடந்துவிடுகிறது. இந்தக் கையை நம்பி அந்த இரண்டு பேரையும் விட எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் கை நல்ல கையாக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த கடைசி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் கிரிகரி இருமினார். ஒருமுறை, பிறகு விடாமல். செத்துப்போனவளாகவே இருந்துவிடுகிறேன் என்று ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்ன அம்மா, நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். உர்சுலாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு," என்றார் மெதுவாக. "மருந்து குடிக்கிறானான்னு கேளு."

உர்சுலா எழுந்து நிற்கிறாள். என்ன செய்யப்போகிறாள் என்று இதைப் படிக்கிற நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்.